வலிக்கவில்லை என்று பொய் சொன்ன நாட்கள்

இரண்டு வருடங்களுக்கு முன்பு, ஜூன் மாதத்தில் ஒரு திங்கட்கிழமை காலை அது நடந்தது. தெஹியோவிட்டவிலிருந்து மேலே ஏறிப் போகும் பாதையில் உள்ள ஓர் இறப்பர் தோட்டத்தில் நான் கங்காணியாக வேலை செய்கிறேன். காகிதத்தில் இப்போது எங்களை மேற்பார்வையாளர் என்று எழுதினாலும் ஆட்களுக்கு நாங்கள் இன்னும் கங்காணிதான். அன்று விடிவதற்கு முன்பே மழை பிடித்துக்கொண்டது. மரத்துப் பட்டை நனைந்திருந்தால் பால் வெட்ட முடியாது. அதனால் பெரட்டுக்கு, அதாவது காலையில் பெயர் பதியும் கூட்டத்துக்கு, வந்த ஆட்கள் எல்லாரும், இன்றைக்கு வேலை உண்டா இல்லையா என்று தெரியாமல், பால் நிறுக்கும் கொட்டகைக்குள் ஒதுங்கி நின்றார்கள். நான் நடுவில் நின்று பெயர் கூப்பிட்டுக்கொண்டிருந்தேன்.

பாதிப் பெயர் கூப்பிட்டிருப்பேன். மேல் வயிற்றுக்குள் யாரோ கத்தியை இறக்கியதுபோல் இருந்தது. கையிலிருந்த புத்தகம் ஈரத்தரையில் விழுந்தது. குனிந்து எடுக்கப் பார்த்தேன், குனிய முடியவில்லை. நிமிரவும் முடியவில்லை. அப்படியே தராசு மேடையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். யாரோ தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்கள். ஒரு வாய் குடித்ததும் வலி முதுகு வரைக்கும் பாய்ந்தது. அதற்குப் பிறகு நடந்தது எல்லாம் துண்டு துண்டாகத்தான் நினைவிருக்கிறது. தோட்டத்து லொறி, மழைச் சத்தம், என் தலையை மடியில் வைத்துக்கொண்டு மனைவி சொன்ன பிரார்த்தனை, ஒவ்வொரு குழியிலும் வண்டி இறங்கும்போது நான் கடித்த பற்கள்.

ஆஸ்பத்திரியில் படம் எடுத்துப் பார்த்துவிட்டு, இரைப்பைக்குக் கீழே குடல் தொடங்கும் இடத்தில் ஓட்டை விழுந்திருக்கிறது, உடனே வயிற்றைத் திறக்க வேண்டும் என்றார் சத்திரசிகிச்சை நிபுணர். என்ன மாத்திரை போடுகிறீர்கள் என்றும் கேட்டார். சொல்ல வெட்கமாக இருந்தது. நாள் முழுக்கச் சரிவில் ஏறி இறங்குகிற தொழில் என்பதால் எனக்குப் பல வருடமாக முழங்கால் வலி. நான் நொண்டுவதை ஆட்கள் பார்த்துவிடக் கூடாது என்று, யட்டியாந்தோட்டைக்குப் போகும்போதெல்லாம் கடையில் வலி மாத்திரை வாங்கிச் சட்டைப்பையில் வைத்துக்கொள்வேன். காலையில் வெறும் வயிற்றில், பால் விடாத பிளேன்டியோடு இரண்டு. மத்தியானம் இன்னும் இரண்டு. அது வருடக்கணக்கில் உள்ளே அரித்திருக்கிறது.

ஒப்பரேஷன் நல்லபடியாக முடிந்தது. கண் விழித்தபோது மூக்கில் ஒரு குழாய், வயிற்றின் பக்கவாட்டில் ஒரு குழாய், சிறுநீருக்கு ஒரு குழாய், கையில் சேலைன். நெஞ்சுக்குழியிலிருந்து தொப்புளுக்குக் கீழே வரைக்கும் கட்டு. முதல் நாள் பெரிதாக ஒன்றும் தெரியவில்லை. ஊசி மருந்தில் மிதந்துகொண்டிருந்தேன்.

என் பொய் இரண்டாம் நாள் ஆரம்பமானது.

எங்கள் வாட்டில் நடுத்தர வயதில் ஒரு தாதி இருந்தார். சிங்களப் பெண். நோயாளிகள் எல்லாரும் மிஸ் என்று கூப்பிடுவோம். அவர் சில மணித்தியாலத்துக்கு ஒரு தடவை கட்டிலருகே வந்து, "ரிதெனவாத?" என்று கேட்பார். வலிக்கிறதா என்று அர்த்தம். பிறகு, வலியே இல்லையென்றால் பூச்சியம், தாங்கவே முடியாது என்றால் பத்து, உங்களுக்கு எத்தனை என்பார். நான் இரண்டு என்பேன். சில நேரம் ஒன்று என்பேன். அவர் எழுதிக்கொண்டு போவார்.

உண்மையில் வலி எத்தனை என்று அப்போது என்னைக் கேட்டிருந்தால் எண்ணவே முடியாது என்றிருப்பேன். ஆனால் நான் கங்காணி. நாற்பது பேர் என் சொல்லுக்கு நிற்பார்கள். பக்கத்துக் கட்டில்களில் எங்கள் பக்கத்துத் தோட்டத்து ஆட்களும் இரண்டு மூன்று பேர் இருந்தார்கள். அவர்கள் முன்னால் எப்படி வலிக்கிறது என்று சொல்வது? அது ஒரு காரணம். இன்னொன்று, வலி என்று சொன்னால் வீட்டுக்கு அனுப்பாமல் இன்னும் ஒரு கிழமை வைத்துக்கொள்வார்கள் என்று நானாக ஒரு கணக்குப் போட்டிருந்தேன். மூன்றாவதாக, அந்த வலி ஊசி உடம்புக்குப் பழகிவிடும், பிறகு அது இல்லாமல் இருக்க முடியாது என்று யாரோ எப்போதோ சொன்னது மனதில் ஒட்டிக்கொண்டிருந்தது.

அதனால் நான் ஒரு வழி கண்டுபிடித்தேன். அசையாமல் கிடந்தால் வலி குறைவு. ஆகவே மரக்கட்டைபோலக் கிடந்தேன். ஆழமாக மூச்சு இழுத்தால் தையல் கிழிவதுபோல் இருக்கும். ஆகவே தொண்டை வரைக்கும் மட்டும் மூச்சு விட்டேன். இருமல் வந்தால் விழுங்கினேன். எழுந்து உட்காரச் சொன்னால், தலை சுற்றுகிறது என்று சொல்லித் தப்பித்தேன். என்னைப்போல் கெட்டிக்காரன் இல்லை என்று நினைத்துக்கொண்டேன்.

மூன்றாம் நாள் காய்ச்சல் வந்தது. விரலில் மாட்டும் ஒரு சிறிய கருவி இருக்கிறதே, அதைப் பார்த்துவிட்டு மிஸ் முகம் மாறி டொக்டரைக் கூட்டிக்கொண்டு வந்தார். டொக்டர் முதுகில் காது கருவியை வைத்துக் கேட்டார். கட்டிலில் வைத்தே நெஞ்சுப் படம் எடுத்தார்கள். நுரையீரலின் அடிப்பாகம் இரண்டு பக்கமும் சரியாக விரியவில்லை, சளி தேங்க ஆரம்பித்துவிட்டது, இப்படியே விட்டால் நிமோனியாவாகிவிடும், தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு மாற்ற வேண்டிவரும் என்று அவர் மிஸ்ஸிடம் சிங்களத்தில் சொன்னார். எனக்குச் சிங்களம் நன்றாகப் புரியும். ஓட்டையை அடைத்துப் பிழைக்கவைத்த உயிர், இருமாததால் போகப்போகிறதா என்று அப்போதுதான் முதன்முதலில் பயந்தேன்.

டொக்டர் என் கட்டிலில் தொங்கிய தாளைப் புரட்டிப் பார்த்தார். இரண்டு, இரண்டு, ஒன்று, இரண்டு. இவ்வளவு குறைவான வலி உள்ள ஆள் ஏன் இருமவில்லை, ஏன் எழுந்து உட்காரவில்லை என்று அவருக்கு விளங்கவில்லை. என்னைக் கேட்டார். நான் கூரையைப் பார்த்தேன்.

அது மத்தியானம் பார்வையாளர் வரும் நேரம். என் மனைவி இரண்டு பஸ் மாறி, நனைந்த குடையோடு கட்டிலின் கால்மாட்டில் வந்து நின்றாள். அவளும் தோட்டத்தில் பால் வெட்டுகிறவள்தான். பெரியவர்கள் பேசுகிற இடத்தில் வாய் திறக்கமாட்டாள். பாடசாலைக் கூட்டத்துக்குப் போனால்கூடக் கடைசி வாங்கில் உட்கார்ந்துவிட்டு வருவாள். அவள் கட்டில் விரிப்பைப் பார்த்தாள். என் கைப்பிடிக்குள் அது கயிறுபோல் முறுகிக் கிடந்தது. என் உதட்டைப் பார்த்தாள். கடித்துக் கடித்துப் புண்ணாகியிருந்தது. பிறகு, கடைவீதியில் கற்றுக்கொண்ட சிங்களத்தில் சத்தமாகச் சொன்னாள்.

"மிஸ், மெயா பொரு கியன்னே."

இவர் பொய் சொல்கிறார் என்று. வாட்டே திரும்பிப் பார்த்தது. எனக்கு முகம் எரிந்தது. நான் முறைத்தேன். அவள் என்னைப் பார்க்கவே இல்லை.

"கால்ல கத்தி பட்டு எலும்பு தெரிஞ்சப்பவும் ஒண்ணுமில்லன்னு சொன்ன மனுசன் இவரு. இவரு சொல்ற நம்பரை எழுதாதீங்க மிஸ். இவரு கையைப் பாத்து எழுதுங்க" என்றாள். பாதி சிங்களமும் பாதி தமிழுமாகத்தான் சொன்னாள். ஆனால் அங்கிருந்த எல்லாருக்கும் விளங்கியது.

மிஸ் என்னைத் திட்டவில்லை. கட்டிலின் ஓரத்தில் வந்து நின்று சிங்களத்தில் மெதுவாகப் பேசினார். "நானும் சும்மா படுத்திருக்கும்போதுதான் கேட்டிருக்கேன். இப்ப ஒரு தடவை இருமுங்க. இருமிட்டு எத்தனைன்னு சொல்லுங்க."

இருமினேன். கண் முன்னால் வெள்ளையாகிப் போனது. மூச்சு திரும்பி வருவதற்குள் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. கல்யாணமாகி இருபத்தாறு வருடத்தில் என் மனைவி அதைப் பார்த்ததில்லை. அப்பா செத்தபோதுகூட நான் அவள் முன்னால் அழவில்லை.

"ஒன்பது" என்றேன்.

மிஸ் எழுதினார். டொக்டர் அந்த இடத்திலேயே மருந்தை மாற்றினார். வலி வந்தால் கேளுங்கள், தருகிறோம் என்று விடாமல், வலி இருந்தாலும் இல்லாவிட்டாலும் நேரம் பார்த்துச் சேலைன் வழியாக ஒரு மருந்து. உட்காரவைத்து இருமப் பழக்குவதற்கு அரை மணித்தியாலம் முன்னால் கொஞ்சம் வலிமையான ஊசி. என் இரைப்பைக்கு ஆகாத மருந்துகள் எவை எவை என்று தாளின் மேலேயே பெரிதாக எழுதினார்கள். நான் என் பயத்தையும் அப்போது சொல்லிவிட்டேன். பழகிப்போகாதா மிஸ் என்று கேட்டேன்.

அவர் சிரித்தார். "இத்தனை நீளத்துக்கு வெட்டின வயித்துக்கு நாலு நாள் அளந்து குடுக்கிற மருந்து அது. நாங்க பாத்துக்கிட்டே இருக்கோம், கொறைச்சுக்கிட்டே வருவோம். வலி உச்சிக்குப் போன பிறகு கீழ இறக்குறதுதான் கஷ்டம். அதுக்கு முன்னாடியே சொல்லிட்டா கொஞ்ச மருந்தே போதும்" என்றார். பிறகு ஒன்று சொன்னார். அதை நான் இன்றைக்கும் மறக்கவில்லை. வலியே இல்லாமல் ஆக்குவது தன் நோக்கமில்லையாம். நான் இரும வேண்டும், எழுந்து உட்கார வேண்டும், நடக்க வேண்டும். அதற்கு எவ்வளவு குறைய வேண்டுமோ அவ்வளவு குறைந்தால் போதுமாம்.

ஊசி போட்டு அரை மணித்தியாலம் போனதும் மூச்சுப் பயிற்சி சொல்லித் தருகிற ஒருவர் வந்தார். ஒரு போர்வையை இறுக்கமாகச் சுருட்டிக் கையில் கொடுத்து, அதைக் கட்டின் மேல் வைத்து இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டு இருமச் சொன்னார். பயந்து பயந்துதான் இருமினேன். வலித்தது. ஆனால் அந்தப் பழைய வலி இல்லை. தாங்கிக்கொண்டு இன்னொரு தடவை இரும முடிந்தது. மூன்றாவது தடவை இருமியபோது கெட்டியாகச் சளி வந்தது. அவர் கை தட்டினார். சளி துப்பியதற்காகக் கைதட்டல் வாங்கிய ஒரே ஆள் எங்கள் தோட்டத்தில் நானாகத்தான் இருப்பேன்.

உள்ளே மூன்று பந்துகள் உள்ள ஒரு பிளாஸ்டிக் கருவியும் கொடுத்தார். குழாயில் வாய் வைத்து மூச்சை இழுத்தால் பந்துகள் மேலே எழும்ப வேண்டும். முதல் நாள் ஒரு பந்து பாதி தூரம் எழும்பி விழுந்தது. அதற்கே எனக்கு வியர்த்துவிட்டது. மறுநாள் ஒரு பந்து முழுதாக எழும்பியது. மனைவி வந்ததும் அவளுக்கு இழுத்துக் காட்டினேன். நீங்கள் சின்னப் பிள்ளை மாதிரி ஆகிவிட்டீர்கள் என்றாள். ஐந்தாம் நாள் காய்ச்சல் விட்டது. அன்றே மிஸ் என் ஒரு பக்கம், மனைவி ஒரு பக்கம், சுருட்டிய போர்வை என் வயிற்றோடு, வாட்டின் கடைசியில் உள்ள ஜன்னல் வரைக்கும் நடந்தேன். பதினொரு கட்டில் தூரம். ஜன்னலுக்கு வெளியே மழை விட்டிருந்தது. கீழே ஆட்கள் சாப்பாட்டுப் பார்சல்களோடு அவசரமாகப் போய்க்கொண்டிருந்தார்கள். அவர்களைப் பார்த்துக்கொண்டு நின்றேன். இப்போது எத்தனை என்று மிஸ் கேட்டார். நாலு என்றேன். உண்மையாகவே நாலுதான்.

ஒன்பதாம் நாள் வீட்டுக்கு அனுப்பினார்கள்.

வீட்டுக்கு வந்ததும் என் பழைய புத்தி திரும்பியது. ஆஸ்பத்திரியை விட்டு வந்தாயிற்று, இனி எதற்கு ஆறு மணித்தியாலத்துக்கு ஒரு தடவை மாத்திரை என்று இரண்டு வேளை விட்டேன். மனைவி தன் போனில் மணி வைத்துவிட்டாள். அது அடித்ததும் கையில் மாத்திரையோடும் தண்ணீரோடும் நிற்பாள். ஆனால் அவளுக்கும் வழி தெரியாத ஒரு சங்கடம் இருந்தது. எங்கள் லயத்து வீட்டுக் கட்டில் தாழ்வானது. ஆஸ்பத்திரிக் கட்டிலில் தலைப்பக்கத்தை உயர்த்தித் தருவார்கள். இங்கே மல்லாந்து படுத்த நிலையிலிருந்து எழும்புவது பெரும்பாடு. ஒவ்வொரு தடவையும் தையல் பிரிந்துவிடும்போல் இருக்கும். அதற்குப் பயந்து பகலெல்லாம் கதிரையிலேயே உட்கார்ந்திருந்தேன். கால் வீங்கியது.

வீட்டுக்கு வந்து நாலாவது நாள், வேலை முடிகிற நேரத்தில், ஒரு பெண் வாசலில் வந்து நின்றாள். என் கீழே பால் வெட்டுகிறவள். நாற்பது வயதுக்குள் இருக்கும். அவளைப் பார்த்ததும் எனக்கு எழுந்து உள்ளே போய்விடலாம்போல் இருந்தது. எழும்பத்தான் முடியவில்லையே.

அவளைப் பற்றி இங்கே சொல்லியாக வேண்டும். அதற்கு மூன்று வருடத்துக்கு முன்னால் அவளுக்குக் கர்ப்பப்பை எடுத்த ஒப்பரேஷன் நடந்தது. லீவு முடிந்து வேலைக்கு வந்த அன்று, கொஞ்ச நாளைக்குச் சமதரை மரங்களைத் தரச் சொல்லி என்னிடம் கேட்டாள். பால் வாளியைத் தூக்கிக்கொண்டு மேட்டில் ஏறும்போது அடிவயிறு இழுக்கிறது என்றாள். நான் பெரட்டில் எல்லார் முன்னாலும் சொன்னேன். "எல்லாருக்குந்தான் வலிக்குது. வலிக்குதுன்னு எல்லாரும் உக்காந்துட்டா தோட்டம் ஓடுமா?" சில பேர் சிரித்தார்கள். அவளை அவளுடைய பழைய மலைக்கே அனுப்பினேன். எங்கள் தோட்டத்திலேயே செங்குத்தான மலை அது. அதற்குப் பிறகு அவள் என்னிடம் எதுவும் கேட்டதில்லை. வேலைக்கு ஒரு வார்த்தை, அவ்வளவுதான்.

இப்போது அவள் என் மனைவியிடம், "ஐயாவுக்கு எந்திரிக்க முடியலன்னு சொன்னீங்களே. அதான் வந்தேன்" என்றாள். நாலைந்து தடவை மடித்துத் தைத்த அகலமான பருத்தித் துணி ஒன்று அவள் கையில் இருந்தது.

"மல்லாந்து படுத்து நேரா எந்திரிக்கப் பாக்கிறீங்களா ஐயா?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன். "அப்படி எந்திரிக்கக் கூடாதுங்க." என்னைக் கட்டிலுக்கு வரச் சொன்னாள். முதலில் முழங்கால் இரண்டையும் மடக்க வேண்டும். பிறகு உடம்பை மரம் உருட்டுவதுபோல் ஒன்றாகச் சேர்த்துப் பக்கவாட்டில் திருப்ப வேண்டும். காலைக் கட்டிலுக்கு வெளியே தொங்கவிட்டு, அதே நேரத்தில் முழங்கையை ஊன்றி உடம்பைத் தூக்க வேண்டும். வயிறு ஒன்றும் செய்யக் கூடாது, எல்லாவற்றையும் கைதான் செய்ய வேண்டும். அவள் சொல்லச் சொல்லச் செய்தேன். உட்கார்ந்திருந்தேன். நான் எதிர்பார்த்துப் பல்லைக் கடித்து வைத்திருந்த அந்த வலி வரவே இல்லை.

ஆஸ்பத்திரியில் இதைச் சொல்லித் தந்தார்களா என்று மனைவி அவளைக் கேட்டாள்.

"என்னை ரெண்டே நாள்ல அனுப்பிட்டாங்க. எனக்கு யாரும் சொல்லல. நானா கண்டுபிடிக்க ரெண்டு மாசம் ஆச்சுங்க" என்றாள். குறையாகச் சொல்லவில்லை. நடந்ததைச் சொல்வதுபோல் சொன்னாள். அந்த இரண்டு மாதத்தில் பாதி நாள் அவள் என் கீழே, அந்தச் செங்குத்து மலையில், வாளி தூக்கிக்கொண்டிருந்தாள்.

துணியை எப்படிச் சுற்றிக் கட்டுவது என்று மனைவிக்குக் காட்டினாள். இருமும்போது, தும்மும்போது, கக்கூசுக்குப் படி இறங்கும்போது மட்டும் கட்டச் சொன்னாள். நாள் முழுக்கக் கட்டிக்கொண்டு இருந்தால் மூச்சு முட்டும், அதுவும் தனக்குப் பட்டுத் தெரிந்தது என்றாள். பிறகு புறப்பட்டாள்.

நான் அவளைக் கூப்பிட்டேன். "தங்கச்சி" என்றுதான் வாயில் வந்தது. அதுவரைக்கும் அவளை நான் அப்படிக் கூப்பிட்டதில்லை. "அன்னிக்கு பெரட்டுல நான் பேசினது தப்பு. எல்லார் முன்னாலயும் பேசினது அதவிடப் பெரிய தப்பு."

அவள் வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு என் பக்கம் திரும்பினாள். "எனக்கு அன்னிக்கு ரொம்பக் கோவம் வந்துச்சுங்க. ஒரு வருசம் உங்க மூஞ்சியைப் பாத்தாலே கோவம் வரும். வயித்துக்குள்ள வெட்டினது வெளிய தெரியாதுங்களே. கையில கட்டுப் போட்டிருந்தா நீங்களே பாத்து வேற வேலை குடுத்திருப்பீங்க" என்றாள். "இப்ப கோவம் இருந்தா வந்திருப்பேனா?"

மனைவி அவளுக்குத் தேநீர் ஊற்றினாள். அவள் உட்கார்ந்து குடித்துவிட்டுத்தான் போனாள்.

மூன்று மாதம் கழித்து வேலைக்குத் திரும்பினேன். முதல் நாள் பெரட்டில், ஒப்பரேஷன் செய்துகொண்டவர்கள், பிள்ளை பெற்று வந்தவர்கள், யாராக இருந்தாலும் முதலில் என்னிடம் வந்து சொல்ல வேண்டும், சொன்னால் சமதரை மரமும் பக்கத்து மலையும் தருவேன் என்றேன். எல்லார் முன்னாலும் தவறாகப் பேசியவன் எல்லார் முன்னாலும்தான் திருத்த வேண்டும் என்று தோன்றியது. ஆட்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். முதல் இரண்டு கிழமையும் ஒருவரும் வரவில்லை. பிறகு ஹேர்னியா வெட்டிக்கொண்ட ஓர் ஆள் வந்தார். அதற்குப் பிறகு ஒரு தாய் வந்தாள். இப்படிக் கேட்கிறவர்களுக்கெல்லாம் கொடுத்தால் மேட்டு மரங்களை யார் வெட்டுவது என்று எனக்கு மேலே உள்ள வெளிக்கள உத்தியோகத்தர் என்னைக் கேட்டார். நான் என் சட்டையைத் தூக்கிக் காட்டினேன். அவர் அதற்கு மேல் கேட்கவில்லை. உண்மையைச் சொன்னால் ஓரிரண்டு பேர் என்னை ஏமாற்றவும் செய்கிறார்கள். எனக்கும் தெரியும். ஏமாறுவதால் எனக்கு வருகிற நட்டத்தைவிட, நம்பாமல் விட்டதால் அந்தப் பெண் பட்டது அதிகம் என்று நினைத்துப் பேசாமல் இருந்துவிடுகிறேன்.

ஆனால் இன்னும் ஒருத்தரை நான் கேட்காமலே இருந்தேன். போன வருடம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, கோயிலுக்குப் போய் வந்து, மனைவி முற்றத்துக் கொடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு துணிக்கும் வலது கையை இடது கையால் தூக்கித் தூக்கி வைத்தாள். எத்தனையோ வருடமாக அவள் அப்படித்தான் செய்கிறாள். அது அவளுடைய பழக்கம் என்றே நினைத்துக்கொண்டிருந்தேன்.

"தோள் எத்தனை நாளா வலிக்குது?" என்று கேட்டேன்.

அவள் கையிலிருந்த ஈரத்துணியைத் திரும்பக் கூடைக்குள் போட்டாள். "நாளா? சின்னவன் பொறந்ததுல இருந்து. உக்காருங்க, சொல்றேன்" என்றாள்.

கடைக்குட்டிக்கு அப்போது பதினெட்டு வயது. நான் உட்கார்ந்தேன். எந்தப் பக்கம் படுத்தால் தூக்கம் வராது, எந்த மரத்தில் கத்தி பிடிக்கும்போது விரல் மரத்துப்போகும், அரிசிச் சாக்கை எப்படித் தூக்கினால் கொஞ்சம் தேவலை என்று அவள் சொல்லிக்கொண்டே போனாள். கொடியில் பாதி இடம் காலியாகவே கிடந்தது. அடுத்த கிழமை இரண்டு பேரும் லீவு போட்டுவிட்டு கிளினிக்குக்குப் போனோம். முழுதாகக் குணமாகாது, ஆனால் பயிற்சி செய்தால் நன்றாகக் குறையும் என்றார்கள். இப்போது காலையில் பெரட்டுக்குப் போவதற்கு முன்னால் சுவரில் கையை ஊன்றி விரல்களை மேலே மேலே ஏற்றிக்கொண்டு போகிறாள். போன மாதம் அவளுடைய விரல் கதவு நிலையின் உச்சியைத் தொட்டது.

என் வயிற்றில் இப்போது ஒரு சாணுக்கு மேல் நீளமான தழும்பு இருக்கிறது. குளிக்கும்போது அதில் கை படும். அப்போதெல்லாம் கொஞ்சம் வெட்கமாக இருக்கும், கூடவே, ஐம்பது வயதுக்கு மேலாவது பக்கத்தில் இருக்கிறவர்களின் வலியை உட்கார்ந்து கேட்க எனக்கு வாய்த்ததே என்று பெரிய நிம்மதியாகவும் இருக்கும்.